டீசல் எஞ்சின் இழுத்துப் போகும் ஆளில்லாத ரயில்: எங்கே போகிறது, எப்படிப் படமெடுப்பது?

சென்னை கொரட்டூர் நிலையப் பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒரு டீசல் எஞ்சின் ஆளே இல்லாத மின்சார ரயில் ஒன்றை மெதுவாக இழுத்துக்கொண்டு போனது, ஜன்னல்களில் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது, போனில் இரண்டு படம் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது புதிய ரயிலா, காயலான் கடைக்குப் போவதா, இப்படிப்பட்டவை வரும் நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது, படம் எடுத்தால் யாராவது பிடிப்பார்களா என்று கேட்கிறீர்கள். கேள்விகள் நான்கு என்றாலும், அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரே ஒரு முறை மட்டும் ஓடப் போகிற ரயிலை எப்படிப் படமாக்குவது? அரக்கோணம் தடத்தில் இருபது வருடத்துக்கு மேல் கேமராவோடு நின்ற அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் பார்த்தது என்ன என்பதற்கு வருவோம். கொரட்டூருக்கு முந்தைய நிலையம் வில்லிவாக்கம். அதற்குப் பக்கத்தில்தான் ஐ.சி.எஃப். என்று எல்லோரும் சொல்லும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. 1955 அக்டோபர் 2-இல் நேரு திறந்து வைத்தது. அங்கே கட்டும் பெட்டிகள் நாடு முழுவதும் போகின்றன. மும்பைக்கான புறநகர் மின்சார ரயில், கொல்கத்தா மெட்ரோவுக்கான ரேக் (ஒன்றாகக் கோத்த பெட்டித் தொகுப்பு), ஊர்களுக்கு இடையே ஓடும் மெமு மின்சார ரயில் எல்லாமே வில்லிவாக்கம் வழியாகத்தான் வெளியுலகத்தைப் பார்க்கின்றன. அதனால் கொரட்டூரிலோ அம்பத்தூரிலோ பிளாஸ்டிக் ஒட்டிய ஜன்னலோடு, உள்ளே விளக்கு எரியாமல் ஒரு ரேக் போனால், தொழிற்சாலையிலிருந்து ஒப்படைப்புக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்வதே நியாயம். நான் இதை அடித்துச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. பெரிய பழுதுபார்ப்பு முடிந்து பணிமனையிலிருந்து திரும்பும் ரேக்கும் பளபளவென்றுதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

மேலே கம்பி இருக்கும்போது மின்சார ரயிலை ஏன் டீசல் எஞ்சின் இழுக்க வேண்டும்? கொல்கத்தா மெட்ரோ விஷயத்தில் பதில் எளிது. அதன் வடக்கு–தெற்குத் தடம் நம்முடைய அதே அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். ஆனால் மின்சாரம் வருவது மேல் கம்பியில் இல்லை, பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில், 750 வோல்ட் நேர்மின்சாரம். அந்த ரேக்கின் கூரையில் மின்சாரம் எடுக்கும் பேன்டோகிராஃபே கிடையாது. நம்முடைய 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே அது வெறும் பெட்டி. இன்னொருவர் இழுத்தால்தான் நகரும். மும்பைத் தடங்கள் சில 2016 வரை 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடின. அந்தக் காலத்து ரேக்குகளும் இப்படித்தான் போயின. இன்று எல்லாம் 25,000 வோல்ட் என்றாலும், முறையாகச் சோதித்து ஒப்புக்கொள்ளாத வண்டியைச் சொந்த சக்தியில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டுவதைவிட இழுத்துப் போவதில் சிக்கல் குறைவு. இந்தியாவின் முதல் குளிரூட்டிய புறநகர் ரேக் 2016 ஏப்ரலில் மும்பை போய்ச் சேர்ந்தது. பயணிகளை ஏற்றியது 2017 டிசம்பர் 25-இல்தான். நடுவில் இருந்த அத்தனை மாதமும் சோதனை.

அப்புறம் யார்டு. பிரதான பாதைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கம்பி வந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலை, பணிமனை, கிடங்குப் பாதைகளில் பல இடங்களில் இன்னும் கம்பி இல்லை. அங்கே டீசல்தான் நுழைய முடியும். நீண்ட தூரத்துக்கு இன்று மின்சார எஞ்சின்தான் அதிகம் வருகிறது. டீசல் மாட்டி வருவது வருடத்துக்கு வருடம் குறைகிறது. வந்தே பாரத் ரேக்குகள் பல சமயம் தாமாகவே ஓடிப் போய்விடுகின்றன. ஆகவே நீங்கள் கண்டது அரிதாகிக்கொண்டே வரும் காட்சி. சென்னை மெட்ரோ ரேக் ஏன் இப்படிப் போவதில்லை என்று சிலர் கேட்பார்கள். அது 1,435 மில்லிமீட்டர் பாதைக்கானது. நம் தண்டவாளத்தில் அதன் சக்கரம் உட்காராது. அதனால் டிரெய்லர் லாரியில் ரோட்டு வழியாகத்தான் வரும். இலங்கையின் பாதை நம் அகலப்பாதையேதான். அதனால் அந்த நாட்டுக்கான எஸ்13 வகை டீசல் ரேக்குகளை ஐ.சி.எஃப்.பில் கட்டி, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

சரி, புதியதா, பழுது பார்த்ததா, கண்டம் செய்ததா (இனி ஓட்ட வேண்டாம் என்று கழித்ததா) என்று எப்படி அறிவது? பெயின்டை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். நம் பெட்டிகளின் எண்ணில் பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கம் கட்டிய வருடம். 95 என்று தொடங்கினால் 1995. பழைய ஐ.சி.எஃப். வகை எஃகுப் பெட்டிக்கு ஆயுள் 25 வருடம் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 95-ஆம் ஆண்டுப் பெட்டி 2020-இல் ஓய்வு பெற வேண்டும். இந்த வகையைக் கட்டுவதை ஐ.சி.எஃப். 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதன் பிறகு எஞ்சின் இழுக்கும் பயணிகள் பெட்டி என்றால் ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. வகைதான். ஆகவே இனி ஐ.சி.எஃப். வகைப் பெட்டி ஒன்று மின்னிக்கொண்டு போனால், அது பெயின்ட் அடித்து வந்த பழசு என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம். பெட்டியின் கோடியில் கடைசியாகப் பழுது பார்த்த தேதியும், அடுத்து பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதியும் எழுதியிருக்கும். அந்த இரண்டாவது தேதி எப்போதோ தாண்டிவிட்ட பெட்டி இன்னும் இழுபட்டுப் போகிறதென்றால், அது போகும் இடம் பெரும்பாலும் நல்ல இடமில்லை.

கண்டம் செய்த பெட்டி நின்றுகொண்டிருந்தால், பிளாட்பாரத்திலிருந்தே அதன் கழிப்பறைப் பக்கக் கீழ்விளிம்பைப் பாருங்கள். ஐ.சி.எஃப். பெட்டி சாவது அங்கிருந்துதான். இருபத்தைந்து வருடத் தண்ணீரும் ஈரமும் வழிந்து, பக்கத் தகடு அடித்தளத்தோடு சேரும் இடத்தில் பெயின்ட் முதலில் கொப்பளிக்கும். பிறகு அந்தக் கொப்புளம் உடைந்து அப்பளம் போல அடுக்கடுக்காக உரியும். ஒருமுறை ஒரு பெட்டியில் அந்த இடத்தில் ஓட்டை விழுந்து, உள்ளே தரைப்பலகையே தெரிந்தது. மேலே ஜன்னலுக்குக் கீழே பெயர்ப் பலகை மாட்டும் கொக்கி மட்டும் புதுசு போல இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் மின்விசிறி கழற்றியிருப்பார்கள், ஒயர் தொங்கும். அடியில் பேட்டரிப் பெட்டி காலியாக இருக்கும், டைனமோ பெல்ட் இருக்காது. இத்தனையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் பழைய பெட்டி என்றாலே பேரீச்சம்பழத்துக்குத்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். ஜன்னல்களை மூடித் தகடு வைத்து அடைத்து, கோடியில் கதவு போட்டு, கார் ஏற்றும் சரக்குப் பெட்டியாக மாற்றுவார்கள். வாலாஜாபாத் பக்கம் கார் ஏற்றி நிற்கும் ரேக்குகளை உற்றுப் பாருங்கள், பழைய ஸ்லீப்பரின் உருவம் அப்படியே தெரியும். 2020-இல் ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் கொரோனா தனிமை வார்டாக மாற்றி நிறுத்தினார்கள். பயணிகள் ரயில்கள் வழக்கம்போல் ஓடாத அந்த மாதங்களில் நிலையங்களின் பக்கப் பாதைகளில் நின்ற ரேக்குகளைப் பார்த்து, எல்லாம் கழித்துவிட்டார்கள் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். அவற்றில் பல திரும்ப ஓடின. டீசல் எஞ்சின்களும் அப்படியே. ஷெட்டில் ஓரமாக நிற்பதெல்லாம் உடைக்கக் காத்திருப்பவை அல்ல. 2020-இல் 10, 2023-இல் 20 என்று அகலப்பாதை டீசல் எஞ்சின்களை வங்கதேசத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு படத்துக்குக் கீழே 'கடைசிப் பயணம்' என்று எழுதுவதற்கு முன்னால் இதையெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் 'இழுத்துச் செல்லப்படும் காலி ரேக்' என்று மட்டும் எழுதினால் போதும். அது பொய்யாகாது.

காயலான் கடைக்கென்றே ஓடும் ரயில் நம் ஊரில் குறைவு. கண்டம் செய்ததை ரயில்வே தன் இடத்திலேயே மின்-ஏலத்தில் விடும். எடுத்தவர் பெரும்பாலும் அங்கேயே கேஸ் கட்டர் வைத்து அறுத்து லாரியில் ஏற்றிப் போவார். பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கே பழைய மின்சார ரயிலை வேல்ஸில் இருக்கும் நியூபோர்ட் உடைப்பு முற்றத்துக்கு ரயில் பாதை வழியாகவே கொண்டு போவார்கள். 1960-களின் முதல் பாதியில் கட்டிய கிளாஸ் 37 டீசல் எஞ்சின்கள், தங்களைவிட வயதில் சின்ன ரயில்களை அந்த முற்றத்துக்கு இழுத்துப் போன படங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே காலி வண்டிகளின் நேரமும் பொதுவில் இணையத்தில் கிடைக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

அதுதான் உங்கள் அடுத்த கேள்வி. ரயில் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலிகளில் பயணிகள் ரயில் மட்டும்தான் வரும். இந்த மாதிரி ரேக்குகள் சரக்கு ரயில் போல, பாதை காலியாகும் நேரம் பார்த்து ரயில்வேயின் கன்ட்ரோல் அறை விடும்போது நகரும். காலையில் கிளம்பும் என்றது சாயங்காலம் வரை வில்லிவாக்கத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். சக ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி வரும், பாதி சரியாக இருக்கும். பணியில் இருக்கும் நிலைய அதிகாரியிடமோ கேட்மேனிடமோ போய் நச்சரிக்காதீர்கள். அவர்கள் வேலை அப்படிப்பட்டது. என் வழி இதுதான்: ஒரே நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே அடிக்கடி போய், அதன் அன்றாடத்தைப் பழக்கிக்கொள்வது. எந்த நேரத்தில் எந்த மின்சார ரயில் எந்த லைனில் வரும் என்று மனப்பாடமானால், வழக்கத்தில் இல்லாத ஒரு பச்சை சிக்னல் விழும்போதே தெரிந்துவிடும். அறிவிப்பிலும் கவனம் வையுங்கள். பல வருடத்துக்கு முன்னால் அம்பத்தூரில் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "தம்பி, இது நிக்காத வண்டி, தள்ளி நில்லு" என்றார். திரும்பினால் தூரத்தில் கறுப்புப் புகை. அந்த வருடம் நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

அனுமதி பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை: பிளாட்பார டிக்கெட்டோ பயணச்சீட்டோ கையில் இருக்க வேண்டும். பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான். தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வியாபாரத்துக்கான படப்பிடிப்புக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். பொழுதுபோக்காக எடுப்பவரை எப்படி நடத்துவார்கள் என்பது நடைமுறையில் அங்கே நிற்கும் காவலரைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கேட்டால் டிக்கெட்டைக் காட்டுங்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள், "வேண்டாம் சார்" என்றால் கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள். சட்டம் பேசி வென்றவரை நான் பார்த்ததில்லை. முக்காலிக் கால், செல்ஃபி கம்பு இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மேலே ஓடுவது 25,000 வோல்ட். அந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே தாவிவிடும். எதற்காகவும் இரண்டு மீட்டருக்குள் எதையும் உயர்த்தாதீர்கள்.

இனி வெளிச்சம். சென்னை–அரக்கோணம் தடம் ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஒப்படைப்புக்குப் போகும் ரேக் மேற்கே பார்த்துப் போனால், எஞ்சின் முகத்தில் வெயில் விழுவது பிற்பகலில்தான். காலையில் போனால் முகம் நிழலில் இருக்கும், பின்னால் வானம் வெளுத்துவிடும். குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குப் பக்கப் பிளாட்பாரம் நல்லது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். அப்போது வடக்குப் பக்கத்துக்கு மாறுங்கள். பழகிய இடத்திலேயே கோடையில் படம் கெட்டுப்போவதற்குப் பலருக்கும் காரணம் தெரியாமல் இருப்பது இதனால்தான். கொல்கத்தா பக்கம் போகும் ரேக் வடக்கே கும்மிடிப்பூண்டித் தடத்தில் திரும்பிவிடும். அங்கே காலையில் கிழக்குப் பக்கம் நின்றால் போதும்.

ரயிலின் வேகம் குறைவாகத்தான் இருக்கும், ஷட்டருக்கு ஐந்நூறில் ஒரு பங்கு நொடி தாராளம். சிக்கல் வேறு இடத்தில். கரிய டீசல் எஞ்சினுக்குப் பின்னால் பளிச்சென்ற புது ரேக். எஞ்சினுக்கு வெளிச்ச அளவு வைத்தால் ரேக் வெளுத்து வரிகளே தெரியாது. நான் எப்போதும் ரேக்கின் வெளிச்சத்துக்கே வைப்பேன். எஞ்சினின் இருட்டைப் பிறகு கணினியில் தூக்கலாம். போனில் எடுப்பதென்றால் ரேக் பக்கம் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். நீள லென்ஸ் வைத்து தூரத்திலிருந்து எடுக்காதீர்கள். ஜல்லியில் ஏறும் சூட்டில் படம் தண்ணீரில் பார்த்தது போல நெளியும். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில் வந்த பழைய ஆல்கோ வகை எஞ்சின் என்றால் கிளம்பும் இடத்துக்கு அருகில் நில்லுங்கள். ஓட்டுநர் நாட்ச் (எஞ்சின் சக்தியின் படி) ஏற்றும்போது டர்போ சுழல் வேகமெடுக்கக் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளியில் எரியாத எண்ணெய் கறும்புகையாகக் கொட்டும். சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறிய சிக்னலைத் தாண்டும் அந்தச் சில நொடிகளுக்காக நான் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன், ஒருபோதும் வருந்தியதில்லை.

முன்பக்கப் படம் ஒன்று எடுத்துவிட்டு கேமராவை இறக்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. எஞ்சினும் ரேக்கும் சேரும் இடம்தான் இந்த ரயிலின் கதையே. மின்சார ரயிலின் கொக்கி எஞ்சினின் கொக்கியோடு நேரடியாகப் பொருந்தாது. வடிவம் வேறு. நடுவில் ஓர் இடைக் கப்ளர் மாட்டியிருப்பார்கள், பக்கத்தில் காற்றுக் குழாய் தொங்கும். அந்தக் குழாய் வழியாகத்தான் எஞ்சினின் பிரேக் ரேக்குக்குப் போகிறது. அதை ஒரு படம் எடுங்கள். பிறகு வீடியோவுக்கு மாற்றி, ரேக் கடக்கும் வரை அசையாமல் பிடியுங்கள். ஒவ்வொரு பெட்டியின் எண்ணும் கிடைத்துவிடும். கடைசிப் பெட்டியையும் விடாதீர்கள், கடைசி வண்டி என்று காட்டும் எல்.வி. பலகை மாட்டியிருந்தால்தான் ரயில் முழுசாக வந்திருக்கிறது என்று அர்த்தம். கூடப் போகும் தொழிற்சாலை ஆட்கள் வாசலில் நின்று கை காட்டுவார்கள். கை காட்டுங்கள், ஆனால் முகம் தெரியும் படத்தைக் கேட்காமல் போடாதீர்கள்.

என்னிடம் 2000-களில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. வில்லிவாக்கத்தில் மாலை வெயிலில் ஒரு டீசல் எஞ்சின், பின்னால் மும்பை ரேக். சட்டம் போட்டு மாட்டும் அளவுக்கு நன்றாக வந்த படம். ஆனால் எஞ்சின் எண் மேல் நிழல் விழுந்துவிட்டது. அன்றைக்கு நோட்டில் எழுதவில்லை, தேதியும் எழுதவில்லை. அந்த எஞ்சின் எந்த ஷெட், இன்றைக்கு இருக்கிறதா, உடைத்தார்களா என்று தேடிப் பார்க்க ஒரு வழியும் இல்லாமல் போய்விட்டது. அதே மாதத்தில் கை நடுங்கி மங்கலாக எடுத்த வேறொரு படத்துக்கு எண், தேதி, இடம், போன திசை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். இப்போது ஆட்கள் கேட்டு வாங்குவது அதைத்தான்.

ஆகவே உங்கள் இரண்டு படங்களையும் இன்றைக்கே பெரிதாக்கிப் பாருங்கள். எஞ்சின் கேபினின் பக்கவாட்டில் ஐந்து இலக்க எண் இருக்கும், ஷெட்டின் பெயரும் எழுதியிருக்கும். 11 என்று தொடங்கினால் டபிள்யூ.டி.எம்-3டி வகை, 13 என்றால் டபிள்யூ.டி.ஜி-3ஏ, இரண்டும் ஆல்கோ வழி வந்தவை. 12 என்றால் டபிள்யூ.டி.ஜி-4. பிறகு முதல் பெட்டியின் எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் இந்த வருடமோ போன வருடமோ என்றால் உங்கள் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். கிடைத்ததை நாள், நேரத்தோடு எழுதி வைத்துவிட்டு, எண் படிக்க முடியவில்லை என்றால் படத்தை இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.